மூணு போத்தல் டிரஸர்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியும் முன்பே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. குருபோங் வீடமைப்புப் பகுதியின் சாக்கடைகள் மட்டும் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. வெயில் இல்லை, எட்டு மணிக்குள் வந்து வறுத்தெடுக்கும் என்று பார்த்தாலே தெரிகிற வானம். ஏழே காலுக்கு வரச் சொன்ன வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் முன்னதாகவே குடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

வீடு, மூணு போத்தல் டிரஸருடையது.

மலாக்கா மாநிலத்தில் அவரைப்போல் அடுத்தவர் நாக்கைப் பார்த்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. பெம்பானிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. நான் அங்கே இருபத்தெட்டு வருடம் கிராணி. ஆள் கணக்கு, பால் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் என் பேரேட்டில். அவர் முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர். டாக்டர் என்பவர் மாதம் ஒரு முறை காரில் வந்து, கையெழுத்துப் போட்டு, ஓர் இளநீர் குடித்துவிட்டுப் போகிறவர். மற்ற நாட்களில் காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பிரசவம், புருஷன் பெண்டாட்டி சண்டையில் உடைந்த பல், எல்லாவற்றுக்கும் டிரஸர்தான். காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நிற்கும். யார் எதற்காக வந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "நாக்க நீட்டு." காலில் முள் குத்தி வந்தவனும் நீட்டினான். தோட்டத்துத் துரைகூட ஒரு முறை நீட்டியதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆகையால் கணக்கில் சேர்க்கவில்லை.

நாக்கைப் பார்த்த பிறகு மருந்து. மருந்து மூன்று போத்தல்களில் இருந்தது. வயிறும் அதற்குக் கீழேயும் என்றால் வெள்ளை. நெஞ்சும் அதற்கு மேலேயும் என்றால் சிவப்பு. இரண்டும் கேட்காவிட்டால் மஞ்சள். மஞ்சள் எதற்கான மருந்து என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கடன்காரன் தொல்லை, மகளுக்கு வரன் அமையாதது, காரணமில்லாமல் அழுகை வருவது, இவற்றுக்கெல்லாம் மஞ்சள் கொடுத்தார். வாங்கிக் குடித்தவர்கள் தேவலாம் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். "கிராணி, உங்க பேரேட்ட நான் தொறந்து பாத்தேனா?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த மூன்று போத்தல்கள்தான் பட்டப்பெயர் ஆயின. தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் எல்லாம் குருபோங்குக்குக் குடிவந்த பிறகு இதனால் அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் வந்தது. புது ஆட்கள் அவரைப் பெரிய குடிகாரர் என்று நினைத்தார்கள். அவர் மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், முச்சந்தியில் நின்று "மூணு போத்தல் வீடு எது?" என்று தாங்களே கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலேயே திரும்பிப் போனது. அவரோ கள்ளுக்கடைப் பக்கம் காற்று வாங்கக்கூடப் போகாதவர்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மருந்துப் போத்தலின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவார். காகிதத்தை நீளமாக மடித்து, கத்தரியால் ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக வெட்டுவார். பிரித்தால் ஏணி மாதிரி இருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த வழக்கம் அது. அவர் அதை மருந்தோடு நிறுத்தவில்லை. வீட்டு நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பட்டை ஒட்டினார். மண்ணெண்ணெய்க்கு ஒட்டினார். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் குடியை விட முடியவில்லை என்று அழுதபோது கள்ளுப் போத்தலுக்கும் ஒட்டிக் கொடுத்தார். மண்டோர் சொன்னபடியே ஒரு வேளைக்கு ஒரு வெட்டு என்று ஒழுங்காகக் குடித்தார். ஒரு நாளைக்கு ஒன்பது வேளை என்று மட்டும் வைத்துக்கொண்டார்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

"கிராணியய்யா, நீங்கதான் காப்பாத்தணும்," என்று டிரஸரம்மா கேட்டுக்கு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "மத்தியானம் ரெண்டரைக்கு பெரிய ஆஸ்பத்திரியில கண்ணு பாக்குற தேதி. இது மூணாவது தேதி. மொத தேதிக்கு பெம்பான்ல சாவுன்னு போனாரு. செத்தவரு யாருன்னு இன்னைக்கி வரைக்கும் இவருக்கே தெரியாது. ரெண்டாவது தேதிக்கு பஸ் கெட்டுப் போச்சின்னாரு."

அந்த இரண்டாவது தேதியில் நானும் அதே பஸ்ஸில்தான் போயிருந்தேன். பஸ் கெடவில்லை. சொல்லவில்லை.

"இதையும் விட்டா கார்ட மாத்திருவாங்களாம். திரும்ப மொதல்லேருந்து லைன்ல நிக்கணும். எட்டு மாசம் ஆகும்னு தாதி சொல்றா. எட்டு மாசத்துல இந்த மனுசன் சாக்கடையில விழுந்து காலு கைய ஒடிச்சிக்குவாரு."

"யாருக்கு கண்ணு சரியில்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கண்ணு நல்லாத்தான் இருக்கு லா. கண்ணாடிதான் பழசு."

கண்ணில் புரை என்பது எனக்கு முன்பே தெரியும். கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வயதில் யாருக்கு மங்கல் இல்லை?

அதே நாளில் எங்கள் இருவருக்கும் நகரத்து நூலகத்தில் பயிற்சியும் இருந்தது. குருபோங்கில் எங்கள் பகுதி மண்டபத்தின் பின்னறை காலியாகக் கிடந்தது. இரண்டு பேர் பயிற்சி எடுத்து தேர்ச்சி அட்டை வாங்கி வந்தால் அந்த அறையில் ஒரு சிறு நூலகம் வைக்கப் புத்தகங்கள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். யார் போவது என்று கூட்டத்தில் கேட்டபோது முதல் கை டிரஸருடையது. எனக்கு ஆச்சரியம்தான். தோட்டத்தில் அவர் மருந்துச் சீட்டைத் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. கணக்குக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

ஆக, பத்து மணிக்கு நூலகம், இரண்டரைக்கு ஆஸ்பத்திரி. நூலகத்துக்கு முன்பே முடிக்க டிரஸரம்மா கொடுத்த நான்கு வேலைகள்: மின்சார பில் கட்டுவது, அறுந்த செருப்பைத் தைப்பது, பெருங்காயம் வாங்குவது, கோயிலில் ரசீது வாங்குவது. நான்கும் செய்ய ஒன்றரை மணி நேரம் போதும் என்று நான் போட்டிருந்தேன். டிரஸர் வழியில் சேர்த்த வேலைகளை நான் போட்டிருக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஒரு பஸ் வந்தது. டிரஸர் கண்ணாடியைத் துடைத்தார்.

"போர்டுல என்னா எழுதியிருக்கான், கிராணி? எழுத்தப் பாருங்க, கோழி கெளறுன மாதிரி."

அச்செழுத்து. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. நான் படித்துச் சொன்னேன். ஏறினோம்.

ஏறியதும் டிரைவர் ஒரு கொட்டாவி விட்டார். மலாய்க்காரர், முப்பது வயது இருக்கும். டிரஸர் அப்படியே நின்றுவிட்டார். "லிடா," என்றார். நாக்கு என்று அர்த்தம். டிரைவர் புரியாமல் பார்த்தார். "லிடா! துஞ்சுக்!" நீட்டிக் காட்டு என்று அர்த்தம். அந்தக் குரலில் முப்பத்தொரு வருட அதிகாரம் இருந்தது. டிரைவர் நாக்கை நீட்டினார். பின்னால் ஏறக் காத்திருந்த ஐந்து பேரும் மழைத்தண்ணீரில் நின்றபடி பார்த்தார்கள்.

"தூக்கம் போதல. சிவப்பு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டிரஸர் உட்கார்ந்தார். பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

மின்சார பில் கட்ட தபால் நிலையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க கிராணி. உங்க கையெழுத்து எவ்வளவு அழகு!" இத்தனை வருடப் பழக்கத்தில் என் கையெழுத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தேன். செருப்புத் தைப்பவரின் மூச்சைக் கேட்டு, ஆளைப் பார்க்காமலேயே, "ஆஸ்துமா, எடது பக்கம் படுக்காத," என்றார். தைத்த செருப்புக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் செருப்புத் தைப்பவர். டிரஸர் பெருங்காயத்தை மூன்று கடைகளில் முகர்ந்தார். பிறகு வேலைகள் தாமாக முளைத்தன. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட வேண்டும் என்றார். அவர் கையில் கட்டியிருந்தது சாவி கொடுக்கும் கடிகாரம். முடிவெட்டிக்கொள்ள வேண்டும் என்றார். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நாட்டு மாட்டுப்பால் கிடைக்குமா என்று ஒரு துணிக்கடையில் நுழைந்து விசாரித்தார்.

"டிரஸர், மணி ஒம்பதே முக்கா."

"ஓடிப்போற நூலகமா கிராணி அது? பசியாறிட்டு போவோம்."

ஒன்பது ஐம்பத்தாறுக்கு நூலகத்தில் நுழைந்தோம். நான் ஒன்பது இருபதுக்கு அங்கே இருப்பதாக இருந்தேன்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். சொல்லிக்கொடுத்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி. எல்லோரும் அவரை, அம்மா என்கிற மரியாதையில், புவான் என்று அழைத்தோம். பேச்சு முழுவதும் மலாயில். உலகத்தில் உள்ள அறிவை எல்லாம் பத்துப் பெரிய பிரிவுகளில் அடக்கிவிடலாம் என்று அவர் பலகையில் எழுதிக் காட்டினார்.

"பத்தா?" என்று டிரஸர் என் காதில் சொன்னார். அவர் காதில் சொல்வது நான்கு வரிசைக்குக் கேட்கும். "எதுக்கு பத்து? மூணு போதும்."

அடுத்தது ஒட்டு வேலை. புத்தகத்தின் முதுகில் எண் சீட்டு ஒட்டுவது எப்படி என்று காட்டினார்கள். மேசையில் காகிதம், கத்தரி, பசை. பசையின் வாசனை பட்டதும் டிரஸர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் என் சீட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஒரு காகிதத்தை நீளமாக மடித்து, கிரக் கிரக் என்று வெட்டி, பிரித்து, ஒரு தடித்த புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிவிட்டார். அது கோணாமல் இருந்தது. என்னுடையது கோணியிருந்தது.

புவான் வந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

டிரஸர் தன் தோட்டத்து மலாயில் விளக்கினார். புத்தகம் பெரியது. ஒரே மூச்சில் படித்தால் அஜீரணம். ஆகவே எத்தனை வேளை என்று முன்கூட்டியே வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வெட்டு, ஒரு ராத்திரி. சாப்பிட்ட பிறகு.

வகுப்பே சிரித்தது. புவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டையை விரலால் தடவிப் பார்த்து, "பண்டாய்," என்றார். கெட்டிக்காரர் என்று அர்த்தம். டிரஸர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் தேர்வு. ஆளுக்கு இருபது புத்தகம். முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்க வேண்டும். நான் பதினொரு நிமிடத்தில் முடித்தேன், இரண்டு முறை சரிபார்த்ததையும் சேர்த்து. ஆனால் வகுப்பில் முதலில் கை தூக்கியவர் டிரஸர். நான்கே நிமிடம்.

புவான் வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு அட்டை ஆறு புத்தகம் ஒரு பக்கம். வெள்ளை அட்டை எட்டு புத்தகம் நடுவில். மற்ற ஆறும் கடைசியில். ஒன்றுகூடத் தவறவில்லை. நிறப்படி.

சிலர் மறுபடியும் சிரித்தார்கள். முன்பு செய்தது போல இதுவும் ஒரு வேடிக்கை என்று புவானும் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்து, இதன் எண்ணைப் படியுங்கள் என்று அவரிடம் கொடுத்தார்.

டிரஸர் வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை என்றார். அறைக்குள் மழை இல்லை. புத்தகத்தைத் திருப்பி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். பெருங்காயத்தை முகர்ந்த மாதிரி. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பஸ் போர்டும், தபால் நிலையப் படிவமும், என் அழகான கையெழுத்தும் அப்போதுதான் எனக்கு வரிசையாக வந்து நின்றன. கொஞ்ச நாளாக இருமலைக் கேட்டே வந்த ஆள் யார் என்று சொல்கிறார் என்று நாங்கள் எல்லாம் வியந்துகொண்டிருந்தோமே, அதுவும்.

புவான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் எப்படி இருக்கிறது பாக்சிக் என்று, பெரியவரை அழைக்கும் முறையில், மெதுவாகக் கேட்டார். டிரஸர் பசை ஒட்டிய விரலை உரித்துக்கொண்டிருந்தார். இன்று அட்டையில் கையெழுத்துப் போட முடியாது, நவம்பரில் அடுத்த பயிற்சி இருக்கிறது, கண்ணைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க மாட்டேன் என்றார் புவான். என் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே தெரியாதபடி.

மணி ஒன்று. சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். டிரஸர் ரசத்தை மட்டும் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். பெம்பானில் ஒருவருக்கு முதுகில் கட்டியாம், இன்றைக்கே போய்ப் பார்க்காவிட்டால் புரையோடிவிடுமாம்.

"யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்கு?"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பஸ் நிலையத்துக்கு வந்ததும் அவர் வேகமாக நடந்தார். "நீங்க வீட்டுக்கு போங்க கிராணி. கட்டிய பாத்துட்டு நான் நேரா ஆஸ்பத்திரிக்கு போயிருறேன்." மணி ஒன்று நாற்பது. பெம்பான் போய்த் திரும்பி இரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் நிற்க இறக்கை வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் கையை உதறிவிட்டு, கிளம்பத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் போர்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் ஏறி இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

"நீங்களும் வர்றீங்களா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"கட்டிய நானும் பாக்குறேன்."

பஸ் கால் மணி நேரம் ஓடியது. டிரஸர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தப்பித்துவிட்ட மனிதருக்கு உண்டான முகத்தோடு காற்று வாங்கினார். பஸ் ஒரு மேட்டில் ஏறி நின்றது. கதவு திறந்தது. உள்ளே பினாயில் வாசனை வந்தது. அவர் மூக்கு இரண்டு முறை சுருங்கியது.

"கிராணி, இது பெம்பான் இல்ல."

"இல்ல."

"இது ஆஸ்பத்திரி."

"போர்டுல பெருசா எழுதியிருந்துச்சி, டிரஸர்."

இறங்கினோம். வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. என்னால் அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர் எடை எழுபத்தொரு கிலோ என்று தோட்டத்துப் பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

"ஊசின்னா நான் குத்துற பக்கம் நின்னுதான் பழக்கம், கிராணி," என்றார் கடைசியில். "இந்தப் பக்கம் நின்னது இல்ல. அதுவும் கண்ணுல."

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொன்னீங்க?"

"அது நான் சொன்னது."

 பிறகு தானாகவே சொன்னார்.

"தோட்டத்த வித்ததுலேருந்து காலையில ஆறு மணிக்கு முழிப்பு வந்துருது. வாசல்ல போயி நிக்கிறேன். ஒருத்தரும் இல்ல. ஒரு இருமல் சத்தம் இல்ல. நூலகம்னு சொன்னாங்களா, மேசை போடுவாங்க, பதிவேடு இருக்கும், ஆளுங்க வரிசையா நிப்பாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொருத்தரா பாத்து குடுக்கலாம். அதுக்குத்தான் கை தூக்குனேன். புத்தகத்துக்கு இல்ல."

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"நவம்பருக்கு இன்னும் எழுபத்தெட்டு நாள் இருக்கு, டிரஸர். இன்னைக்கி உள்ள போனா நேரம் போதும். எட்டு மாசம் கழிச்சி போனா அந்த மேசையில வேற ஆளு ஒக்காந்திருப்பான். அவனுக்கு நாக்கு பாக்கத் தெரியாது."

அவர் எழுந்தார். "நம்பர் எடுத்துட்டு வாங்க," என்றார்.

எங்கள் எண் நாற்பத்தாறு. உள்ளே முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட பெஞ்சுகளில் வரிசை வரிசையாகக் கிழவர்களும் கிழவிகளும் இருந்தார்கள். அந்த இருமல்களும் முனகல்களும் காதில் விழுந்ததும் டிரஸர் முகம் தெளிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் பக்கத்திலிருந்த சீனப் பெரியவரின் நாக்கைப் பார்த்து வெள்ளை என்றார். பத்து நிமிடத்தில் மூன்று பேர் தாமாக எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்கள். தாதி வந்து, "பாக்சிக், இங்கே கண் மட்டும்தான் பார்ப்போம்," என்று கலைத்துவிட்டாள். பிறகு அவர் கண்ணில் சொட்டு மருந்து விட வந்தாள். சொட்டு போத்தலிலிருந்து கிளம்பும் முன்பே டிரஸர் "ஐயோ!" என்று கத்தினார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருமுவது போல் காட்டிக்கொண்டார்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயசு. இரண்டு கண்களிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணை உடனே செய்ய வேண்டும் என்றார். டிரஸர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க தாத்தா. மரத்துப் போக ஒரு ஊசி போடுவோம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"யம்மா," என்றார் டிரஸர், "அந்தப் பொய்ய முப்பத்தொரு வருசம் சொன்னவன் நான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "சரி. நெசத்த சொல்லிடவா?" என்றார்.

"சொல்லும்மா."

"வலிக்கும். பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள போயிரும்."

டிரஸர் தலையைப் பெரிதாக ஆட்டினார். "தேதி போடு," என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கார்டில் டாக்டர் எழுதியதை நான் இரண்டு முறை படித்துப் பார்த்துப் பையில் வைத்தேன்.

நாலரை மணிக்கு வெளியே வந்தோம். மருந்தின் வேகத்தில் அவர் கண்மணிகள் விரிந்திருந்தன. வெயில் முழுவதும் உள்ளே பாய்கிறது என்று கண்களை மூடிக்கொண்டார். குடையை விரித்து அவர் தலைக்குப் பிடித்து, மறு கையால் அவரைப் பிடித்துச் சாலையைக் கடத்தினேன். லாரிகள் வந்துகொண்டிருந்தன. நடுச்சாலையில்தான் கவனித்தேன், என் கையை அவர் வெறுமனே பிடித்திருக்கவில்லை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்திருந்தார்.

"தொண்ணூத்தாறு," என்றார் கண்ணைத் திறக்காமல். "வேகமா அடிக்குது. கண்ணு எனக்குத்தானே கிராணி, நீங்க எதுக்கு பயப்படுறீங்க?"

 கோயில் ரசீது வாங்க மறந்துவிட்டோம் என்று பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பத்து வரை எண்ணினாரா என்று கேட்டேன். "ஏழுலயே முடிஞ்சிருச்சி. அந்தப் புள்ள பொய் சொல்லல, கூட்டித்தான் சொல்லியிருக்கு," என்றார். கண் தெரிந்ததும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதையா அழகு என்றேன் என்று கேட்டார். நவம்பரில் புவானிடம் போய் இருபது புத்தகத்தையும் எண்ணுப்படி அடுக்கி அட்டை வாங்கி வந்தார். மண்டபத்துப் பின்னறையில் மேசை போட்டாயிற்று. பதிவேடு நான் கோடு போட்டுக் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்குத் திறப்பார். நாலே முக்காலுக்கே வாசலில் வரிசை நிற்கும்.

புத்தகம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் நாக்கை நீட்டினார்கள். கேட்டதைக் கொடுக்க மாட்டார், பார்த்துத்தான் கொடுப்பார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னட்டைக்குள் பட்டை இருந்தது. தவணை பதினான்கு நாள், பதினான்கு வெட்டு. ஒரு நாள் தாமதம் என்றாலும் ஐந்து காசு அபராதம், கோயில் தலைவரானாலும் சரி. இப்படி இரண்டு வருடம் ஓடியது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அபராதம் கட்டாத ஒரே ஆள் நான் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

போன வருடம் மார்ச்சில் எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் எண்ணுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் போய் நின்று நாக்கை நீட்டினேன். டிரஸர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எழுந்து போய் மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அதுவரை எனக்கு அவர் மஞ்சள் கொடுத்ததில்லை.

"ஒரு ராத்திரிக்கு ஒரு வெட்டு. சாப்பிட்ட பொறகு. கூட படிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் எட்டாவது வெட்டில் இருந்தபோது ஒரு காலையில், ஆறு மணிக்கு எழுந்து வாசலில் போய் நின்ற டிரஸர், அப்படியே உட்கார்ந்தபடி கண்ணை மூடிவிட்டார். டிரஸரம்மாதான் ஆள் விட்டுச் சொன்னார்.

சொன்னபடியே தொடர்ந்து படித்தேன். பதின்மூன்றாவது வெட்டு வரை வந்து நிறுத்திவிட்டேன்.

இப்போது மேசையில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா இருக்கிறார். நல்ல மாதிரி. "என்னா கிராணியய்யா, இன்னும் எட்டு பக்கம்தானே பாக்கி? படிச்சிட்டு குடுத்துருங்க," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். படிக்கிறேன் என்கிறேன். மாதக் கடைசியில் போய், அதுவரை ஆன அபராதத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வருகிறேன். நேற்றோடு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள். நாளுக்கு ஐந்து காசு. பதினான்கு வெள்ளி அறுபது காசு.